பதினாறு எண்ணும் வரை

கூலிங்கிளாஸ் கழன்றுகொண்டான். சும்மா கழன்றிருந்தால் தொலைகிறான் என்று விட்டிருக்கலாம். சனிக்கிழமை பதினொரு மணிக்குத் தேர்வை வைத்துக்கொண்டு, வியாழக்கிழமை மத்தியானம், அதே தேர்வுக்கு வருகிற இன்னொரு இசைக்குழுவில் போய்ச் சேர்ந்து, அதைப் போனில் கூப்பிட்டுப் பெருமையாகச் சொல்லவும் செய்தான்.

"கிட்டார் இல்லாம அந்தப் பாட்ட வச்சு என்ன பண்ணப்போறீங்க? பேசாம வரலைன்னு சொல்லிடுங்க. மரியாதையாவது மிஞ்சும்."

வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத பிரகிருதி. அதனால்தான் அந்தப் பெயர். அவன் வாசிப்பு நன்றாக இருக்கும், அதுதான் வயிற்றெரிச்சல்.

போனை எடுத்தவள் பல்லக்கா. பல் எடுப்பானவள் என்று நினைத்துவிடாதீர்கள். பல் செட் செய்கிற கூடத்தில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறவள். ஒரு பல் மயிரிழை உயர்ந்து நின்றாலும் விரல் நுனியால் தடவிக் கண்டுபிடித்துவிடுவாள். மேலே இருக்கிற டாக்டர்களே அவள் சொன்னால் மறுபேச்சு பேசமாட்டார்கள். வேலை முடிந்தால் கீபோர்டு. அவள் தம்பி டயர் கடை வைத்திருக்கிறான், டிரம்ஸ் அடிப்பான். அவள் நாத்தனார் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள்; பாடுவாள். நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்காரவைக்கிற குரல் அது. எட்டு வருஷமாக ஊரார் வீட்டு விருந்துகளில், தட்டுச் சத்தத்துக்கு நடுவே, அடுத்தவர் பாட்டையே வாசித்துச் சலித்தவர்கள். இந்தத் தடவைதான் சொந்தப் பாட்டு. பல்லக்கா போட்டது.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் அரங்கம் கட்டி முடித்திருந்தார்கள். திறப்பு நாளில் முதல் நிகழ்ச்சிக்கு ஒரே ஒரு குழு. பதிவு அனுப்பியவர்களில் ஐந்து குழுக்களைக் கூப்பிட்டிருந்தார்கள். இவர்களுக்கு வந்த கடிதத்தில் இப்படி இருந்தது: 'பாட்டின் நடுவே எல்லாம் ஓய்ந்த பிறகு பதினாறு எண்ணும் வரை ஒற்றையாக நிற்கிற கிட்டார் சுரம் எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. அதை நேரில் கேட்கக் காத்திருக்கிறோம்.'

அந்தக் கடிதத்தை நாத்தனார் பஸ்ஸில் ஓட்டுநர் இருக்கைக்கு மேலே செருகி வைத்திருந்தாள். இப்போது அந்தச் சுரத்தை வாசிக்க ஆள் இல்லை. சுரம் இல்லாவிட்டால் பாட்டும் இல்லை, அரங்கமும் இல்லை. மறுபடியும் தட்டுச் சத்தம்தான்.

"நான் வாசிக்கிறேன்" என்றாள் பல்லக்கா, அன்று சாயங்காலம் இருவரையும் போனில் பிடித்து. "கிட்டார் பாகத்தையும் கீபோர்டுலயே வாசிக்கிறேன். அவன் என்ன பெரிய இவனா?"

சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று அவளுக்கே தெரியாது.

அவளிடம் இருந்தது ஒரு சின்னக் கீபோர்டு. அதற்குச் சொந்தக் குரல் கிடையாது. லேப்டாப்பில் இருக்கிற மென்பொருள்தான் சத்தத்தைக் கொடுக்கும். அதில் எலக்ட்ரிக் பியானோ என்று ஒன்று உண்டு. தொட்டால் மணி மாதிரி கணீரென்று பிறக்கும். பிறந்த கையோடு தேயத் தொடங்கும். ஐந்து எண்ணுவதற்குள் ஆள் அவுட். ஆர்கன் சத்தத்தை வைத்தால் நாள் பூராவும் நிற்கும்தான். ஆனால் லிஃப்ட் கதவு மூடவில்லை என்று கத்துகிற மணி மாதிரி, சும்மா நிற்கும். உயிர் இருக்காது.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முதலில் டிஸ்டார்ஷனைப் போட்டாள். ஒரு சத்தத்தை அது தாங்குகிற அளவுக்கு மேலே தள்ளிக்கொண்டே போனால் ஓரமெல்லாம் கிழியும். அந்தக் கிழிசலுக்குத்தான் அந்தப் பெயர். குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். மூன்றில் தொண்டை கரகரத்தது. ஐந்தில் உறுமியது. ஏழில், அடேயப்பா! பூனைக்குட்டி என்று தூக்கி வளர்த்தது புலியாக எழுந்து நின்றது. அவள் கையில் மயிர் சிலிர்த்தது.

"ஏங்க! சீக்கிரம் வாங்க!"

கணவர் லிஃப்ட் மெக்கானிக். பாட்டுக்கும் அவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஸ்க்ரூடிரைவரும் கையுமாக ஓடிவந்தார். ஹெட்போனை அவர் காதில் மாட்டி ஒரு கட்டையை அழுத்தினாள்.

"ஐயோ பாவம்" என்றார் அவர். "ரிப்பேர் ஆயிடுச்சா?"

"ரிப்பேர் இல்லைங்க! இதுதாங்க வேணும்!"

"அப்படியா? அப்ப நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

ஆனாலும் சுரம் பத்து எண்ணியதும் கரைந்துபோனது. அப்போதுதான் கம்ப்ரெஸரை எடுத்தாள். டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரெஸர் இல்லை. போன் பண்ணின தம்பி அப்படித்தான் நினைத்து, "கடையில ரெண்டு இருக்கு, கொண்டுவரவா?" என்று கேட்டான். இது வேறு. பெரிய குடும்பத்தில் ஒரு பெரியப்பா இருப்பாரே, கத்துகிறவனைத் தலையில் தட்டி உட்காரவைத்து, முணுமுணுக்கிறவனை 'சத்தமா சொல்லுடா' என்று முன்னால் தள்ளுகிறவர், அந்த வேலைதான் இதற்கும். சுரம் பிறக்கும்போது போடுகிற கூச்சலை அமுக்கும். சாகப்போகும்போது தூக்கி நிறுத்தும். அதை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்தாள். இருந்தால் எப்படி, இல்லாவிட்டால் எப்படி என்று ஒரு தடவை போட்டு, ஒரு தடவை அணைத்து, மறுபடி போட்டு, மறுபடி அணைத்து, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். "சாப்பாடு ஆறிப்போகுது" என்று அடுக்களையிலிருந்து கணவர் குரல் வந்தது. எழுந்து போனாள்.

வெள்ளிக்கிழமை டயர் கடைக்கு வார விடுமுறை. பல்லக்கா அரை நாள் லீவு போட்டாள். ஒத்திகை எப்போதும் கடையின் பின்னறையில்தான். கூரை வரைக்கும் டயரை அடுக்கியிருப்பதால் உள்ளே இடி விழுந்தாலும் வெளியே கேட்காது. உட்காருவதற்கும் டயர்தான்.

"முதல்ல சத்தத்த சரிபண்ணிக்கிறேன்" என்று கம்ப்ரெஸரின் குமிழ்களைத் திருக ஆரம்பித்தாள். "இப்ப?"

"ம்ம்... பரவால்ல அக்கா" என்றான் தம்பி.

சத்தத்தை நாலில் ஒரு பங்காக அமுக்கிக்கொண்டிருந்ததை எட்டில் ஒரு பங்காக்கினாள். "இப்ப?"

"நல்லா ஏறியிருக்கு அண்ணி" என்றாள் நாத்தனார்.

எட்டைப் பன்னிரண்டாக்கினாள். பன்னிரண்டை இருபதாக்கினாள். அதற்கு மேல் குமிழ் திரும்பாது. "இப்ப?"

"ஆஹா! இதான்! சூப்பர்!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். ஒவ்வொரு திருகலுக்கும் சத்தம் தடித்து, நீண்டு, நிமிர்ந்துகொண்டே போனதைப் பல்லக்காவும் தன் காதாலேயே கேட்டாள். ஒரு தடவை இல்லை, இரண்டு மணி நேரம் கேட்டாள். பாட்டை ஏழு தடவை வாசித்தார்கள். ஏழு தடவையும் சுரம் நின்றது, நாத்தனார் குரல் உள்ளே வந்தது, தம்பி சிம்பலை ஓங்கித் தட்டினான். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சிக்னலில் நிற்கும்போது ஸ்கூட்டர் கைப்பிடியில் தாளம் போட்டாள். கூலிங்கிளாஸாவது, மண்ணாங்கட்டியாவது!

சனிக்கிழமை காலை எட்டரை. தம்பி வேனைக் கொண்டுவந்து கீழே நிறுத்தி, நாத்தனாரோடு மேலே ஏறிக்கொண்டிருந்தான். பல்லக்கா சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் விரித்து, சின்ன ஸ்பீக்கரில் கடைசியாக ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே திரையைப் பார்த்தார்.

"அந்த முதல் பெட்டில லைட்டு எரியலையே?"

"எந்தப் பெட்டி?"

"கம்ப்ரெஸரோ என்னமோ எழுதியிருக்கே, அது. பக்கத்துல இருக்கிறது சிவப்பா எரியுது. இது சாம்பலா கிடக்கு."

"அது அப்படித்தாங்க இருக்கும்" என்றாள் திரும்பாமலே. "உங்களுக்கு இதெல்லாம் புரியாது."

"எனக்கு எங்க புரியப்போகுது. லிஃப்ட் நின்னுபோச்சுன்னு கூப்பிட்டா நான் முதல்ல கரண்டு இருக்கான்னுதான் பாப்பேன். அதான் கேட்டேன்."

சுருக்கென்று ஏதோ சொல்லத் திரும்பினவள் திரையைப் பார்த்தாள். பார்த்தது பார்த்தபடி நின்றுவிட்டாள். லைட்டு எரியவில்லைதான். வியாழக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டபோது அணைத்தது. அணைத்தது அணைத்தபடியே கிடக்கிறது.

அப்படியானால் நேற்று முழுக்கத் திருகினாளே, அந்த இரண்டு மணி நேரம்? செத்த குமிழைத் திருகித் திருகி, "இப்ப? இப்ப?" என்று கேட்டாளே?

தம்பியும் நாத்தனாரும் உள்ளே வந்தார்கள். "கிளம்பலாமா?" என்று கேட்ட தம்பி அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான்.

"நேத்து கம்ப்ரெஸர் ஆஃப்ல இருந்திருக்கு" என்றாள். "பூரா நேரமும்."

இரண்டு பேரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

"அப்ப எதுக்கு சூப்பர்னு சொன்னீங்க?"

நாத்தனார் பஸ் சாவியைக் கையில் உருட்டினாள். "நீங்க அவ்வளவு ஆசையா கேட்டீங்க அண்ணி. முகத்தப் பாத்தா இல்லைன்னு சொல்ல மனசு வரல."

"பதினாறு நின்னுச்சே?"

"பத்துதான் நின்னுச்சு" என்றான் தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு. "ஒரே ஒரு தடவ பதினொண்ணு. அது அணையும்போது நான் சிம்பல அடிச்சு மூடினேன். இவங்க சீக்கிரமா பாட ஆரம்பிச்சாங்க. நாங்க பேசிவச்சுக்கல அக்கா, தானா வந்துச்சு."

பல்லக்காவுக்கு ஏமாந்தது கூடப் பெரிதில்லை. இரண்டு பேரும் தன்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறார்கள், அதுதான் தாங்கவில்லை. பதினெட்டு வருஷமாக மயிரிழை பிசகைப் பிடித்த கை, இல்லாத ஒன்றை இரண்டு மணி நேரம் தடவிக்கொண்டிருந்திருக்கிறது. கூலிங்கிளாஸ் சொன்னது சரிதானோ என்று கூட ஒரு கணம் நினைத்தாள்.

"போக வேணாம்னா வேணாம் அக்கா. போன் பண்ணிச் சொல்லிடுறேன்."

"அட, இருப்பா" என்றார் கணவர். "முதல்ல கரண்ட போட்டுப் பாருங்க."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்தச் சாம்பல் வட்டத்தை அழுத்தினாள். சிவப்பாக எரிந்தது. ஒரு விரலால் கட்டையைத் தொட்டாள்.

அம்மாடி!

மேசை மேலிருந்த டம்ளர் நகர்ந்தது. ஜன்னல் கண்ணாடி சேர்ந்து பாடியது. சின்ன ஸ்பீக்கருக்குள் இவ்வளவு பெரிய சத்தம் எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியவில்லை. தம்பி தன்னையறியாமல் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினான். ஒன்பது. பத்து. தேயவில்லை. பதினாலு. தேயாதது மட்டுமா, போகப்போக உள்ளேயிருந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தது. பதினாறு! பத்தொன்பது! இருபத்திரண்டில் அவளே விரலை எடுத்தாள். நாத்தனார் பஸ் சாவியைக் குலுக்கிக்கொண்டு ஒரு குதி குதித்தாள். கீழ்வீட்டுக்காரர் குச்சியால் கூரையை இடித்தார். "இடிங்க சார், நல்லா இடிங்க!" என்று தம்பி தரையைப் பார்த்துக் கத்தினான்.

இதில் ஒரு வில்லங்கமும் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரைக்கும் திருகின திருகல் அல்லவா? அழுத்தித் தொட்டாலும் ஒன்றுதான், இறகு பட்டாலும் ஒன்றுதான். எல்லாமே உச்சக் குரலில் கேட்டது. பக்கத்துக் கட்டையில் சுண்டுவிரல் நகம் பட்டால்கூட ஊரைக் கூட்டிவிடும்.

"கொஞ்சம் குறைச்சிடுங்க அண்ணி. பயமா இருக்கு."

எட்டுக்குக் குறைத்தாள். பதிமூன்றில் அணைந்தது. மறுபடி இருபதில் வைத்துவிட்டு லேப்டாப்பை மூடினாள்.

"இப்படியே போறோம். ஆனா ரெண்டு பேரும் எனக்கு ஒரு சத்தியம் பண்ணுங்க. இன்னிக்கு என்னப் பாத்துப் பாவப்படக் கூடாது. பதினாறு எண்ணி முடியற வரைக்கும் நீ சிம்பலத் தொடக் கூடாது, நீ வாயத் திறக்கக் கூடாது. நடுவுல செத்துப்போச்சுன்னா செத்துப்போனதாவே இருக்கட்டும். என்ன?"

தம்பி அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தான். நாத்தனார், கொஞ்சம் யோசித்துவிட்டு, செய்தாள்.

அரங்கத்தில் பெயிண்ட் வாசம் இன்னும் போகவில்லை. முகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். அதனால் தேர்வு செய்கிற மூன்று பேரும் பக்கத்து அறையில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் மட்டும் கேட்பார்கள். இவர்கள்தான் கடைசிக் குழு. நடைபாதையில் வாசித்து முடித்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவே, கால்மேல் கால் போட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி.

"வந்துட்டீங்களா?" என்றான். பல்லக்கா அவனைத் தாண்டி அறைக்குள் போய் வயரைச் செருகினாள். திரையைத் திறந்து, வேறெதையும் பார்ப்பதற்கு முன்னால், லைட்டைப் பார்த்தாள். எரிந்தது.

சுவரில் சிவப்பு விளக்கு வந்ததும் ஆரம்பித்தார்கள். முதல் பாதி தண்ணீர் பட்ட பாடாகப் போனது. பிறகு எல்லாம் ஓய்ந்தது. பல்லக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த ஒற்றைக் கட்டையை அழுத்தினாள். புலி எழுந்தது. தம்பி குச்சியால் மெதுவாக எண்ணிக்கொண்டிருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

ஐந்தாவதில் அவள் சுண்டுவிரல் நடுங்கிப் பக்கத்துக் கட்டையில் பட்டது.

சாதாரணமாக யாருக்கும் கேட்டிருக்காது. இன்றைக்கு அது வாயைப் பிளந்துகொண்டு வந்தது. இரண்டு சுரமும் ஒன்றையொன்று பிடித்து உலுக்கி, உர்ர்ர்ரென்று, தகரக் கூரையில் லாரி ஏறின மாதிரி அறையே அதிர்ந்தது. தம்பியின் குச்சி சிம்பலை நோக்கித் தூக்கிக்கொண்டு போய், அந்தரத்தில் நின்றது. நாத்தனார் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். இரண்டு பேர் கண்ணும் பிதுங்கியது. ஆனால் யாரும் உதவிக்கு வரவில்லை. அந்த இடத்தில் பல்லக்கா தன்னந்தனியாக நின்றாள்.

இப்போது விரலை எடுத்தால் தப்பு என்று சந்தி சிரித்துவிடும். இருக்கட்டும், வைத்தது வைத்ததுதான் என்று அவள் சுண்டுவிரலை இன்னும் அழுத்தினாள். ஏழு. எட்டு. சண்டை முற்றியது. அவளுக்குப் பயம் போய், அதற்குப் பதிலாக ஒரு வெறி வந்தது. உறுமு, நல்லா உறுமு! பதினொன்று. பன்னிரண்டில் சுண்டுவிரலை மட்டும், மெழுகிலிருந்து பல்லை எடுக்கிற பதத்தில், மெல்ல எடுத்தாள்.

தாங்குவதற்கு இனி ஒன்றே ஒன்றுதான் என்று ஆனதும், கம்ப்ரெஸர் இருந்த பலம் மொத்தத்தையும் அதற்கே கொடுத்தது. ஒற்றைச் சுரம் அந்த ரகளைக்குள்ளிருந்து குளித்துவிட்டு வந்த மாதிரி சுத்தமாக எழுந்தது. பதிமூன்று. பதினாலு. பதினைந்து. பதினாறு!

நாத்தனாரின் குரல், கூலிங்கிளாஸ் போன பிறகு முதல் தடவையாக, சரியான இடத்தில் உள்ளே வந்தது.

முடித்துவிட்டு அவர்கள் நடைபாதைக்கு வந்தபோது கூலிங்கிளாஸ் எழுந்து நின்றுகொண்டிருந்தான். கண்ணாடி கையில் இருந்தது. அவனுக்கும் கண் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர்களைத் தாண்டி அறைக்குள் எட்டிப் பார்த்தான்.

"யாருடா அது? ரெண்டு நாளைக்குள்ள யாரப் புடிச்சீங்க?"

தம்பி வாயைத் திறப்பதற்குள் பக்கத்து அறைக் கதவு திறந்து, தேர்வுக் குழுவிலிருந்து ஓர் அம்மா ஓட்டமும் நடையுமாக வந்தார். மற்ற குழுக்களுக்கெல்லாம் நன்றி சொன்னார். இவர்களைப் பார்த்து, "திறப்பு நாள் முதல் நிகழ்ச்சி உங்களோடதுதான்" என்றார். "அந்த ரெண்டு சுரமும் முட்டி மோதி, அப்புறம் ஒண்ணு மட்டும் எழுந்து வந்துச்சே, நீங்க அனுப்பின பதிவுல அது இல்லவே இல்ல. நாங்க மூணு பேரும் நாற்காலிய விட்டு எழுந்துட்டோம். எங்க உங்க கிட்டார்காரர்?"

"இதோ" என்று நாத்தனார் பல்லக்காவை முன்னால் தள்ளினாள். "எங்க அண்ணிதான். பல் செட் செய்யறவங்க."

அந்த அம்மா அவளையும், அவள் கக்கத்தில் இருந்த லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்தார். கூலிங்கிளாஸ் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டான்.

வேனில் ஏறின பிறகு பல்லக்காவுக்குக் கணவரிடமிருந்து போன் வந்தது. "லைட்டு எரிஞ்சுதா?" என்று கேட்டார். "எரிஞ்சுதுங்க, கிடைச்சிடுச்சுங்க!" என்று கத்தினாள். வைத்துவிட்டு, வேனைக் கிளப்பப் போன தம்பி பக்கம் திரும்பினாள்.

"டேய், இப்ப உண்மையச் சொல்லு. எப்படி இருந்துச்சு?"

தம்பி நாத்தனாரைப் பார்த்தான். நாத்தனார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"அஞ்சாவதுல அசிங்கமா சொதப்பின அக்கா" என்றான். "எனக்கு உசுரே போயிடுச்சு."

பல்லக்கா வேனே குலுங்கும்படி சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"இதத்தாண்டா நேத்தே சொல்லியிருக்கணும்" என்று அவன் காதைப் பிடித்துத் திருகினாள்.